ஒரு பாடத்திட்டத்தைப் படித்துத் தொலைத்த கதை

பல்கலைக்கழகத்தில் அவரை எல்லோரும் வடிகால் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே வருவதற்கு முன்னால் நகராட்சியில் மழைநீர் வடிகால் பிரிவில் பொறியாளராக இருந்தவர். மழைக்காலம் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததில், எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டுக்காரர் அதற்காகத் திட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அனுபவத்துக்காகவே பல்கலைக்கழகம் அவரை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது.

நியமன உத்தரவில் ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. பாடத்திட்டத்தைத் தயாரித்து, ஒப்புதல் பெற்று, மாணவர்களுடன் பகிர வேண்டும். பகிர்ந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். பாடம் நடத்துவதைப் பற்றி உத்தரவில் எதுவும் சொல்லப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மேடம் பாடத்திட்டத்தை எழுதினார். எவ்வளவு மழை பெய்கிறது, பெய்த தண்ணீர் எங்கே போகப் பார்க்கிறது, அதை எது தடுக்கிறது, சரிவு எப்படிக் கொடுப்பது, வடிகால் ஏன் அடைத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. கடைசி வரியாக, 'மழை பெய்தால் வகுப்பு வெளியே நடக்கும்' என்று எழுதினார்.

அவருடைய கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கிப் படித்தார்.

"எனக்கே புரியுதே" என்றார்.

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"இல்ல, பல்கலைக்கழகம்ங்கறியே, அதான் கேட்டேன்" என்று அவர் வெங்காயத்துக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை துறைத்தலைவர் அந்தத் தாளைப் படித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"மிச்சம் எங்க மேடம்?"

"அவ்வளவுதான் சார்."

துறைத்தலைவர் நல்ல மனிதர். ஓய்வு பெறும் வரைக்கும் யார் வாயிலும் விழாமல் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார். "இதுல ஒரு சிக்கல் இருக்கு. படிச்சா புரியுது. புரிஞ்சா கேள்வி வரும். கொஞ்சம் நீளமா இருந்துச்சுன்னா நம்ம எல்லாருக்கும் பாதுகாப்பு. என்னைப் பொறுத்தவரைக்கும் ஓகே. குழு முன்னாடி வைங்க, அவங்க நீட்டிக் குடுப்பாங்க."

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கு வினைச்சொல்லார் என்று பெயர். வைத்த பெயரல்ல, வாங்கிய பெயர். 'அனுமதிக்கப்பட்ட வினைச்சொற்கள்' என்ற கையேட்டைத் தொகுத்தவர் அவர்தான். பாடத்திட்டத்தில் எந்த வாக்கியமும் அந்தக் கையேட்டில் உள்ள ஒரு சொல்லில்தான் முடிய வேண்டும்.

அவர் மேடத்தின் தாளில் முதல் வரியிலேயே பேனாவை ஊன்றினார்.

"'மாணவர்கள் வடிகாலின் இயக்கத்தைப் புரிந்துகொள்வர்.' இது என்ன மேடம், புரிந்துகொள்வர்?"

"புரிஞ்சுக்கணும்தானே சார்?"

"புரிஞ்சுதுன்னு எப்படி அளப்பீங்க? உள்ள போயி பாப்பீங்களா? நான் இந்தப் பல்கலைக்கழகத்துல தலை நரைச்சவன். எத்தனையோ விஷயம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரிஞ்சதில்ல. அதனால என் பணிக்கு ஏதாவது குந்தகம் வந்திருக்கா? வந்ததில்ல. ஆக, புரிதல்ங்கறது கல்விக்கு அவசியமான ஒண்ணு இல்ல."

குழுவினர் தலையாட்டினார்கள். வினைச்சொல்லார் கையேட்டைப் புரட்டி விரலை ஓட்டினார். அறிவர், உணர்வர், தெளிவர் எல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. கண்ணால் பார்த்து அளக்கக்கூடிய செயல்களுக்கு மட்டுமே பச்சை மை. கடைசியில் வாக்கியம் இப்படி ஆனது. 'மாணவர்கள் வடிகால் ஒன்றை வடிவமைத்து, கட்டி, இயக்குவர்.'

"எங்க சார் கட்டுவாங்க?" என்று மேடம் கேட்டார்.

"அது பாடத்திட்டத்துல வராது. வினைச்சொல்லோட எங்க பொறுப்பு முடிஞ்சிடுது."

பிறகு ஒவ்வொரு உறுப்பினரும் தம் பங்குக்கு ஒரு அலகு சேர்த்தார்கள். சேர்க்காமல் போனால் கூட்டத்துக்கு வந்ததற்கு அடையாளம் இருக்காது. வணிகவியல்காரர் 'வடிகாலும் தொழில்முனைவும்' என்று ஒன்று சேர்த்தார். தத்துவத்துறைக்காரர் 'தாழ்ந்த இடம் நோக்கிப் பாய்வதன் அறம்' என்று ஒன்று. உளவியல் பேராசிரியை ஒரு மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்து, "உணர்ச்சிகளுக்கும் வடிகால் வேணும் இல்லையா?" என்றார். யாராலும் மறுக்க முடியவில்லை. 'உணர்ச்சிகளின் வடிகால்' நான்காம் அலகாக நுழைந்தது.

கடைசி வரியில் கூட்டம் மறுபடி தடுக்கி நின்றது.

"மழை பெய்தால்னா? என்னிக்குப் பெய்யும்?" என்றார் வினைச்சொல்லார்.

"அது தெரியாதே சார்."

"தேதி இல்லாத எதையும் நாங்க அங்கீகரிக்க முடியாது. மழைன்னா மழைக்கு ஒரு நாள், ஒரு பீரியட் குறிக்கணும்."

மேடம் தம் வாழ்நாளில் மழையை அந்த மாதிரி நினைத்துப் பார்த்ததே இல்லை. அறைச் சுவரில் இருந்த கால அட்டவணையில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்தார். மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில் மழை பெய்யும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஒரு பக்கமாகப் போன பாடத்திட்டம், தொலைபேசி டைரக்டரி மாதிரி தடித்துத் திரும்பி வந்தது. கணவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "எங்க டிப்போல ஒரு பஸ்ஸ வெளிய எடுக்க சாவி போட்டா போதும். உங்க ஆளுங்ககிட்ட விட்டா பஸ்ஸுக்குள்ள இன்னொரு டிப்போவையே கட்டிடுவாங்க போலிருக்கே" என்றார்.

தயாரித்தாயிற்று. இனிப் பகிர வேண்டும். மேடம் நகலெடுத்து வகுப்பில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். துறைத்தலைவர் பதறிப்போனார். பகிர்வது பல்கலைக்கழகத்தின் இணையப் போர்ட்டல் வழியாக மட்டும்தான். கையில் கொடுத்தால் அது பகிர்வு ஆகாது, விநியோகம் ஆகிவிடும்.

கணினிப் பிரிவில் போர்ட்டல்காரர் டீ குடித்துக்கொண்டே ஏற்றிக் கொடுத்தார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'பாடத்திட்டத்தை முழுமையாகப் படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்.' அதில் டிக் போட்டால், 'நன்றி' என்று வந்து பக்கம் மூடிக்கொண்டது.

"பாடத்திட்டம் எங்கங்க?" என்றார் மேடம்.

"உள்ள பத்திரமா இருக்கு மேடம்."

"மாணவர்கள் அத எப்படிப் பாப்பாங்க?"

போர்ட்டல்காரர் டம்ளரை வைத்துவிட்டு அவரைப் பரிவோடு பார்த்தார். "இது பகிர்றதுக்கான போர்ட்டல் மேடம். பாக்கறதுக்கு இல்ல. இத்தன வருஷத்துல நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

டிக் போடாதவர்களைத் தேர்வு எழுத விட மாட்டார்கள் என்பதால் வகுப்பில் எல்லோரும் அன்றைக்கே டிக் போட்டார்கள். ஒருவரைத் தவிர. அவரை மற்ற மாணவர்கள் பாலிசி அண்ணன் என்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, காதோரம் நரைத்த பிறகு வேலையை விட்டுப் படிக்க வந்தவர். 'வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு இல்லன்னு எழுதி எழுதியே கை ஓஞ்சுபோச்சு மேடம். அந்தத் தண்ணி ஏன்தான் நிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்' என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

"ஏன் டிக் போடலை?" என்று மேடம் கேட்டார்.

"படிக்காம படிச்சேன்னு எப்படிப் போடறது மேடம்? அந்த ஒரு கையெழுத்த வச்சே நாங்க எத்தன பேர் கிளெய்மைத் தள்ளியிருக்கோம் தெரியுமா?"

"எல்லாரும் போட்டுட்டாங்களே."

"அவங்களுக்கெல்லாம் வயசு இருக்கு. ஏமாறலாம்."

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பாடத்திட்டப் பிரிவுக்குப் போய், படித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். அந்த மாதிரிக் கோரிக்கைக்கு அங்கே விண்ணப்பம் இல்லை. விண்ணப்பம் இல்லாததால் நிராகரிக்கவும் வழியில்லை. அவர் எழுத்தரின் மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மறுநாளும் வந்து உட்கார்ந்தார். எழுத்தருக்கு அவர் எதிரில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சமாக இருந்தது. ஒரு நாள் பசி தாங்காமல், பீரோவைத் திறந்து மூலப்பிரதியையே எடுத்துக் கையில் கொடுத்து, "எங்கயாவது போய்ப் படிச்சுத் தொலைங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

பாலிசி அண்ணன் படித்துத் தொலைத்தார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. இரண்டாவது பீரியடுக்கு மேடம் வந்தபோது வகுப்பு முழுக்க உள்ளே இருந்தது. பாலிசி அண்ணன் மட்டும் வெளியே மைதானத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"இன்னிக்கு மழை மேடம். வகுப்பு வெளியே."

"வெயில் அடிக்குதே!"

"எனக்கும் தெரியுது. ஆனா போட்டிருக்கே. நான் வரலைன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

வகுப்பு ஜன்னலில் முட்டிக்கொண்டு சிரித்தது. மேடத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரையும் வெளியே அழைத்துப் போய் மரத்தடியில் உட்கார வைத்தார். வேறு என்னதான் போட்டிருக்கிறது என்று பிள்ளைகள் பாலிசி அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாடத்திட்டத்தை விரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். தாழ்ந்த இடம் நோக்கிப் பாய்வதன் அறத்தைக் கேட்டு ஒரு பையன் விழுந்து விழுந்து சிரித்தான். வழக்கமாகக் கடைசி பெஞ்சில் தூங்கும் பெண், மரத்தில் சாய்ந்து அங்கேயும் தூங்கிக்கொண்டிருந்தாள். 'வடிகால் ஒன்றை வடிவமைத்து, கட்டி, இயக்குவர்' என்ற இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"யாரு, நாமளா?"

"மாணவர்கள்னு போட்டிருக்கும்மா."

"நிஜமாவே கட்டறதா? எங்க?"

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடத்துக்கு உள்ளூரப் பயமாகவும், வெளியே சொல்ல முடியாத அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

"அது ஒரு வினைச்சொல்தான்..." என்று இழுத்தார்.

"'கட்டி, இயக்கலாம்'னு போட்டிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன் மேடம்" என்றார் பாலிசி அண்ணன். "'கட்டி, இயக்குவர்'னு போட்டிருக்கு. இது வாக்குறுதி."

மறுநாள் வகுப்பே கையெழுத்திட்டு, வடிகால் கட்ட இடம் கேட்டு மனு கொடுத்தது. அதற்கடுத்த நாள் பதிவாளர் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. வடிகாலைப் பற்றி அல்ல. பாடத்திட்டம் எப்படி ஒரு மாணவரால் படிக்கப்பட்டது என்பதை விசாரிக்க.

பதிவாளர் எழுந்து நின்று பேசினார். "இந்தப் பல்கலைக்கழகத்துக்குன்னு ஒரு பாரம்பரியம் இருக்கு. பாடத்திட்டத்தத் தயாரிக்கறோம், அங்கீகரிக்கறோம், பகிர்றோம். இதுல எந்தக் கட்டத்துலயும் ஒருத்தர் படிச்சதா இதுவரைக்கும் புகார் வந்ததில்ல. ஒவ்வொண்ணுலயும் என் கையெழுத்து இருக்கு. நான் படிச்சேன்னு யாராவது என் மேல விரல் நீட்ட முடியுமா?"

யாராலும் முடியவில்லை.

பாலிசி அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். பதிவாளர் "தம்பி" என்று ஆரம்பித்து, நரையைப் பார்த்து, "சார்" என்று மாற்றிக்கொண்டார். "உங்களப் படிக்கச் சொல்லி யார் தூண்டிவிட்டது?"

"நீங்கதான் சார். படிச்சேன்னு டிக் போட்டாத்தான் தேர்வுன்னு சுற்றறிக்கை விட்டீங்க."

"டிக் போடத்தானே சொன்னோம்?"

"அதுக்காகத்தான் சார் படிச்சேன். வேற கெட்ட எண்ணம் எதுவும் இல்ல."

பதிவாளர் வினைச்சொல்லார் பக்கம் திரும்பினார். வினைச்சொல்லார் கையேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "வினைச்சொல் அளக்கக்கூடியதா இருக்கணும்னுதான் எங்க குழு சொல்லுது. அந்த வினை நடக்கணும்னு நாங்க எங்கயும் சொல்லல. அப்படி நடக்கும்னு தெரிஞ்சிருந்தா ரொம்ப ஜாக்கிரதையா இருந்திருப்போம்."

"சரி, அந்த வார்த்தைய எடுத்துடுங்க."

வினைச்சொல்லாருக்கு முகத்தில் களை வந்தது. ஒரு சொல்லை நீக்க வேண்டுமானால் துறை பரிந்துரைக்க வேண்டும். அதைக் குழு ஏற்று, துணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். துணைக்குழு இன்னும் அமைக்கப்படவில்லை. அமைத்த பிறகு கல்விப் பேரவை. "எல்லாம் கூடி வந்தா அடுத்த துணைவேந்தர் காலத்துல முடிச்சிடலாம்" என்றார்.

பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மேடத்தைக் கேட்டார்.

"வடிகால் வெட்ட எவ்வளவு நாளாகும்?"

"சின்னதா இருந்தா ஒரு மாசத்துக்குள்ள முடிச்சிடலாம் சார்."

"வார்த்தைய வெட்டறத விட வடிகால் வெட்டறது சீக்கிரம் முடியும்ங்கறீங்க?"

"ஆமா சார்."

"அப்ப அதையே வெட்டுங்க."

தேர்வுப் பிரிவின் பின்பக்கத்தை ஒதுக்கினார்கள். மழை பெய்தால் அங்கே வாரக்கணக்கில் தண்ணீர் நிற்கும். ஊழியர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள். தண்ணீர் உள்ளேயும் ஏறிவிடுவதால், விடைத்தாள் கட்டுகளுக்குப் போக மீதி இருக்கும் மேஜைகளில்தான் மனிதர்கள் உட்கார முடியும்.

மேடம் பரணிலிருந்து ரப்பர் பூட்ஸை இறக்கினார். மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வைத்துச் சரிவைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தோண்டினார்கள். முதல் தடவை அவசரத்தில் ஒரு இடத்தில் மேடு வைத்துவிட்டார்கள். மேடம் கவனித்தார், ஆனால் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் கொஞ்ச தூரம் போய், யோசித்து, திரும்பி வந்தது.

"மேடம், இது நம்மள நோக்கியே வருது!" என்று கத்தினாள் தூங்கும் பெண். அவளேதான் குனிந்து மறுபடி மட்டம் பார்த்தாள். அன்றைக்கு மாலை வரை அவள் தூங்கவில்லை.

பாடத்திட்டப்படி நான்காம் அலகு நடத்த உளவியல் பேராசிரியை அங்கேயே வந்துவிட்டார். எல்லோரையும் கண்ணை மூடி, தங்களை அழுத்துவது எது என்று சொல்லச் சொன்னார். "கொப்புளம்" என்றான் ஒரு பையன். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பேராசிரியை கொஞ்சம் தயங்கி, புடவையைச் செருகிக்கொண்டு ஒரு மண்வெட்டியை வாங்கினார். வியர்த்துக் கொட்ட வெட்டிவிட்டு, "என்னமோ மனசு லேசா இருக்கு" என்றார். அலகு நிறைவடைந்தது என்று எழுதிக்கொண்டு போனார்.

மழை ஒரு வியாழக்கிழமை வந்தது. பாடத்திட்டப்படி அது தொழில்முனைவு பீரியட். யாரும் யாரையும் கேட்கவில்லை. வகுப்பு மொத்தமும் தேர்வுப் பிரிவின் பின்னால் நனைந்துகொண்டு நின்றது. ஜன்னல்களில் ஊழியர்கள். தண்ணீர் வழக்கம்போல வந்து கூடியது. நிற்கலாமா என்று ஒரு கணம் பார்த்தது. பிறகு வடிகாலுக்குள் இறங்கி, சத்தம் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டது. உள்ளேயிருந்து யாரோ கை தட்டினார்கள்.

பாலிசி அண்ணன் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க தெருவுலயும் இவ்வளவுதானா மேடம்?"

"பெரும்பாலும் இவ்வளவுதாங்க."

"இத்தன வருஷமா 'இயற்கைச் சீற்றம்'னு எழுதிட்டிருந்தேன். 'சரிவு தப்பு'ன்னு எழுதியிருக்கணும்."

மேடம் நனைந்துகொண்டே வந்து அவருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அடுத்த வாரம் திறப்பு விழா நடந்தது. வடிகாலின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்ததால் பதிவாளர் இந்தக் கரையில் ஒரு காலும் அந்தக் கரையில் ஒரு காலுமாக நின்று வெட்டினார். இது பல்கலைக்கழகத்தின் நீண்ட நாள் தொலைநோக்குத் திட்டம் என்றார். பாடத்திட்டக் குழுவினரின் பெயர்கள் பொறித்த கல்வெட்டு ஒன்று திறக்கப்பட்டது. அது வடிகாலுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

விழாவின் விளைவு ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. மற்றத் துறைப் பிள்ளைகள் தங்கள் பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாடத்திட்டப் பிரிவின் வாசலில் வரிசை நின்றது. எழுத்தர் சாப்பாட்டு டப்பாவை மாடிப்படியின் அடியில் வைத்துச் சாப்பிட்டார். இயற்பியல் மாணவர்கள் 'ஏவுவர்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து, மொட்டைமாடிச் சாவி கேட்டார்கள். கலைத்துறையில் எல்லாச் சுவர்களையும் 'தீட்டுவர்' என்று இருந்தது. அவர்கள் சாவி கேட்கவில்லை, தீட்டிவிட்டார்கள்.

ஆண்டு முடிவில் மேடத்தின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வடிகாலுக்காக அல்ல. போர்ட்டலில் அவருடைய பெயருக்கு எதிரே இருந்த கட்டம் பச்சையாக இருந்தது, அதற்காக.

"பச்சையா இருந்தா போகலாம்னுதான் ரோட்டுலயும் அர்த்தம். போயி கையெழுத்து வாங்கிட்டு வா" என்றார் கணவர்.

மேடம் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பதிவாளர் அறைக்குப் போனார். பதிவாளர் தம் மேஜைக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவருடைய நாற்காலியில் கண்ணாடி போட்ட ஒரு பெண். சுற்றிலும் ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு கோப்பை விரித்து வைத்துக்கொண்டு.

"அரசியல் அறிவியல் பிள்ளைங்க" என்றார் பதிவாளர் ரகசியமாக. "அவங்க பாடத்திட்டத்துல 'மாணவர்கள் ஓர் அரசை நிறுவுவர்'னு இருக்காம். என் கையெழுத்துதான். எனக்கு நாலு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடுவீங்களான்னு கேட்டேன்."

"அந்த மீட்டிங்கயும் நாங்களே நடத்திக்கறோம் சார். அதுவும் அலகுல இருக்கு" என்றாள் அந்தப் பெண், தலை நிமிராமலேயே.

மேடம் தயங்கி நின்றார். "இதுல ஒரு கையெழுத்து வேணும். யாருகிட்டக் குடுக்கறது?"

பதிவாளர் தம்மை அறியாமல் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டார். அந்தப் பெண் கையை நீட்டி ஒப்பந்தத்தை வாங்கினாள். வாங்கி, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தாள்.

"கடைசிப் பக்கம்மா. கீழ போட்டா போதும்" என்றார் பதிவாளர்.

"படிச்சிட்டுப் போடறேன் சார்" என்றாள் அவள். "மேடம், உக்காருங்க. கொஞ்ச நேரம் ஆகும். இதுல நீங்க பாடம் நடத்தணும்னு எங்கயுமே இல்லையே, சேத்துடலாமா?"

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதிவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேத்துடும்மா" என்றார்.